சக்கைக்கு மேல் ஒட்டிய வெள்ளைத்தாள்

புதுக்கடை
08.07.2024

அன்புள்ள பகவதி டீச்சருக்கு,

வராந்தா பீரோவின் சாவியைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். திறந்ததும் கண்ணில் படட்டும் என்று இந்தக் கடிதத்தை மேல் தட்டிலேயே வைக்கிறேன். நாளைக் காலையில் நான் அஞ்சுகிராமத்தில் உங்கள் வகுப்பில் நிற்பேன். நீங்கள் இங்கே என் வகுப்பில் நிற்பீர்கள். என் வீட்டுக்காரர் ஸ்டெனிக்கு அந்தப் பக்கம் காற்றாலைக் கம்பெனியில் வேலை, உங்கள் வீட்டுக்காரருக்கு மார்த்தாண்டத்தில் வேலை. பள்ளிக்கூடத்தை மாற்றிக்கொண்டது நம் இரண்டு பேருக்கும் நல்லதுதான். ஆனாலும் வகுப்பைப் பூட்டிவிட்டு இரண்டு தடவை திரும்பி வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் சேர்த்து இருபத்துமூன்று பிள்ளைகள். சுவரில் நாற்பத்தொரு சார்ட் இருக்கிறது. மூன்று வருடமாக நான் வரைந்தவை. ஒன்றே ஒன்று கேட்கிறேன், அவற்றைக் கழற்றாதீர்கள். அழகுக்கு மாட்டியதில்லை. எழுத்துச் சார்ட்டுகள் ரொம்பத் தாழ்வாக இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றும். அது பிள்ளைகளின் கண் உயரம். ஒரு தடவை அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பாருங்கள், புரியும். வடக்குச் சுவரில் ஈரம் ஊறும். மழை வலுத்தால் அங்கே இருக்கும் ஆறு சார்ட்டை மட்டும் எடுத்து பெஞ்சில் பரப்பி வையுங்கள்.

கதவுக்குப் பின்னால் ஒரு மூங்கில் கம்பு தொங்கும், நுனியில் சிவப்பு நெயில்பாலிஷ் அடித்தது. அடிக்கிற கம்பு என்று நினைத்துவிட வேண்டாம். அதை எடுத்துப்போக நினைத்து மறந்தே போனேன், வகுப்பைப் பூட்டிச் சாவியும் கொடுத்தாயிற்று.

மாறுதல் ஆணையில் கையெழுத்துப் போட்ட அன்று நீங்கள் போன் நம்பர் கேட்டீர்கள், நான் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது. தப்பாக நினைக்காதீர்கள். எனக்கு எழுதுவதுதான் கைவரும்.

இருபத்துமூன்று பேரையும் உங்கள் கையில் விட்டுப்போகும்
ஜினிஷா

•

புதுக்கடை
16.07.2024

அன்புள்ள ஜினிஷா டீச்சருக்கு,

கடிதம் கிடைத்தது. கதவைத் திறந்ததும் எனக்குத் தலை சுற்றியது என்று சொன்னால் கோபிக்கக் கூடாது. வகுப்பா, கோயில் கொடைவிழா நேரத்து வளையல் கடையா? எங்கே திரும்பினாலும் படம். கண்ணை வைக்க ஒரு சாண் வெள்ளைச் சுவர் இல்லை. இதற்கு நடுவில் பிள்ளைகள் என் முகத்தை எப்போது பார்ப்பார்கள்?

போகட்டும். படத்துக்குக் கீழே எழுதியிருப்பதைப் பார்த்துதான் எனக்கு வேர்த்துவிட்டது. பலாப்பழத்தை வரைந்து 'ச – சக்கை' என்று போட்டிருக்கிறீர்கள். ஒரு தம்ளர் தண்ணீரை வரைந்து 'வெ – வெள்ளம்'! நான் ராதாபுரத்துக்காரி. எங்கள் ஊரில் சக்கை என்றால் கரும்பைச் சாறு பிழிந்தபிறகு எறிவது. வெள்ளம் வந்தால் வீட்டைக் காலி செய்துவிட்டு ஓட வேண்டும். இந்தப் பக்கத்தில் அப்படித்தான் பேசுவார்கள் என்று எனக்கும் தெரியும். அதற்காகப் பள்ளிக்கூடச் சுவரிலா எழுதுவது? வீட்டில் பேசுவது வீட்டோடு, புத்தகத்தில் உள்ளது சுவரில். கல்வி அலுவலர் வந்து பார்த்தால் நம் மானம்தான் போகும்.

அதனால் சக்கைக்கு மேல் வெள்ளைத்தாள் ஒட்டி 'ப – பலா' என்று எழுதிவிட்டேன். எழுத்து மட்டும்தான் மாறியது, உங்கள் படம் அப்படியே இருக்கிறது. நன்றாகத்தான் வரைகிறீர்கள், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. வெள்ளத்தையும் இன்னும் ஆறு சார்ட்டையும் கழற்றி பீரோவில் வைத்திருக்கிறேன்.

எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை. எனக்குக் குரல் இருக்கிறது. அஞ்சுகிராமத்தில் நான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் ரோட்டோரத்து டீக்கடைக்காரருக்கும் பாடமாகிவிடும். எங்கள் அம்மா இன்றைக்கும் சொல்வாள், "ஏட்டி பகவதி, பைய பேசு, பக்கத்து ஊருக்காரன் எழும்பிரப் போறான்" என்று.

ஆணையில் 'மனமொத்த மாறுதல்' என்று போட்டிருக்கிறது. மனு போட்டோம், சரி. மனம் ஒத்ததா என்று நம்மை யார் கேட்டார்கள்? அன்றைக்கு அலுவலகத்தில் மூன்று தடவை வணக்கம் சொன்னேன். மூன்று தடவையும் தலையை மட்டும் ஆட்டினீர்கள். கொஞ்சம் கர்வமான டீச்சர் என்றுதான் நினைத்தேன். இப்போது எழுதிய கடிதத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அதனால்தான் நானும் மனசில் பட்டதைத் திறந்து எழுதுகிறேன்.

பகவதி ஹரிகுமார்

•

அஞ்சுகிராமம்
25.07.2024

அன்புள்ள பகவதி டீச்சர்,

உங்கள் கடிதத்தை ஸ்டெனியிடம் வாசிக்கக் கொடுத்தேன். வளையல் கடை என்ற இடத்தில் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டீச்சர், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்து தெரியாது, படம்தான் தெரியும். படத்தைப் பார்த்ததும் அதன் வாயில் எந்தச் சொல் வருகிறதோ, அந்தச் சொல்லின் முதல் சத்தத்தைத்தான் கீழே இருக்கும் எழுத்துக்குக் கொடுக்கும். புதுக்கடைப் பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்தால் அதன் வாயில் பலா வரவே வராது. புத்தகச் சொல்லை நானும் சொல்லிக்கொடுப்பேன், இரண்டாம் பருவத்தில். அதற்குள் எழுத்து கைக்கு வந்திருக்கும்.

உங்களுக்கு அங்கே 'ப' வேண்டும் என்றால் படத்தை மாற்றுங்கள். பல், பசு, பந்து என்று எது வேண்டுமானாலும் வரையுங்கள். சக்கைப் படத்துக்குக் கீழே 'ப' மட்டும் வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

இங்கே உங்கள் வகுப்பு பளிச்சென்று இருக்கிறது. போன மாதம்தான் பெயின்ட் அடித்தார்களாம். ஆணி அடிக்கக் கூடாது, பசை தடவக் கூடாது என்று தலைமையாசிரியர் மத்தியாஸ் சார் முதல் நாளே சொல்லிவிட்டார். பதினெட்டுப் பிள்ளைகளும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் கரும்பலகையில் எழுதி எழுதி அழிக்கிறேன். மத்தியானத்துக்குள் கை ஓய்ந்துவிடுகிறது. ராத்திரி படுத்தால் அந்த வெள்ளைச் சுவர்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

கழற்றிய சார்ட்டுகளையாவது எனக்கு அனுப்பிவையுங்கள். அந்தக் கம்பையும் அனுப்புங்கள். எனக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது.

ஜினிஷா

•

புதுக்கடை
13.08.2024

அன்புள்ள ஜினிஷா டீச்சர்,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆடி மாதம், வீட்டில் ஆள் மாற்றி ஆள் வந்துபோனார்கள். சார்ட்டுகளைப் பார்சல் கட்ட வேண்டும், கட்டுவேன்.

போன வாரம் கல்வி அலுவலர் வகுப்புப் பார்க்க வந்தார். ஒன்றிரண்டு பிள்ளைகளை வாசிக்கச் சொன்னார். சரியாக வாசிக்கவில்லை. ஏதோ கேட்டார், நானும் ஏதோ சொன்னேன். அவசரத்தில் என்ன சொன்னேன் என்று எனக்கே முழுசாக நினைவில்லை. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. உங்களுக்கு ஏதாவது கடிதம் வந்ததா? வந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

இங்கே பிள்ளைகள் ஒரு மாதிரி இருக்கிறார்கள். நான் வாயைத் திறந்தால் முன்வரிசை காதைப் பொத்துகிறது. ஒன்றாம் வகுப்பில் அஜிஷா என்று ஒருத்தி இருக்கிறாள், நான் கூப்பிட்டாலே அழுகிறாள். என் பதினோரு வருட வேலையில் என்னைப் பார்த்து ஒரு பிள்ளை அழுததில்லை.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மறக்காமல் எழுதுங்கள்.

பகவதி

•

அஞ்சுகிராமம்
27.08.2024

மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

கல்வி அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த கடிதத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். 'முன்பு பணியாற்றிய ஆசிரியை எழுத்துகளைத் தவறாகக் கற்பித்துள்ளதாகத் தற்போதைய ஆசிரியை நேரில் தெரிவித்ததால்' நான் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும் என்று குறிப்பாணை வந்திருக்கிறது. செப்டம்பர் 12 அன்று அலுவலர் இங்கே வந்து நான் பாடம் நடத்துவதை உட்கார்ந்து பார்ப்பார். அது திருப்தியாக இல்லையென்றால் மேல் நடவடிக்கையாம்.

பதினாலு வருடத்தில் என் பெயரில் வந்த முதல் குறிப்பாணை.

நீங்கள் ஏதோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். என்ன சொன்னீர்கள் என்று அவர்கள் தெளிவாகவே டைப் செய்திருக்கிறார்கள். இனி எனக்கு எழுத வேண்டாம்.

ஜி. ஜினிஷா

•

புதுக்கடை
30.08.2024

ஜினிஷா டீச்சர்,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை. படிக்காவிட்டாலும் பரவாயில்லை, கிழித்துப்போடாதீர்கள்.

அன்று நடந்ததை அப்படியே சொல்கிறேன். அலுவலர் அஜிஷாவிடம் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். 'பசு' என்று இருந்தது. அவள் "சசு" என்றாள். 'படம்' என்று இருந்தது, "சடம்" என்றாள். அவர் 'ப'வைத் தொட்டுக் காட்டி, இது என்ன எழுத்து என்று கேட்டார். அந்தப் பிள்ளை ஓடிப்போய்ச் சுவரில் நான் எழுதிய 'ப'வில் விரலை வைத்து, மேலே இருந்த படத்தையும் காட்டி, "ச, சார். சக்கைக்க ச" என்றது. ஒன்றாம் வகுப்பு முழுக்கச் சேர்ந்து "சக்கைக்க ச" என்று கத்தியது.

நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. எச்சரித்து நீங்கள் எழுதிய கடிதம் அப்போது என் கைப்பையில் இருந்தது.

"யாரும்மா இப்படிச் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. "முன்னாடி இருந்த டீச்சர் சார்" என்று சொல்லிவிட்டேன். என் குரல் உங்களுக்குத் தெரியாது, பக்கத்து வகுப்பு வரைக்கும் கேட்டிருக்கும். வெள்ளைத்தாளை ஒட்டியது நான்தான் என்று சொல்ல அதற்குப் பிறகு வாய் வரவில்லை. அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இன்று உங்கள் குறிப்பாணை நகலைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். சத்துணவு சமைக்கும் தேவகனி அக்கா வந்து, "என்ன டீச்சர், ஏன் இப்பிடி இருக்கிய?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் தலையில் கையை வைத்துவிட்டாள்.

"ஐயோ டீச்சர், அவங்கள எப்பிடி பாடம் எடுக்கச் சொல்லுவினும்? அவங்களுக்கு ஒச்சயே கெடையாதே."

"என்ன அக்கா சொல்கிறீர்கள், குரலே இல்லையா?"

"தொண்டையில கட்டி. மூணு வருசமாச்சு. ஒச்சை எடுத்துப் பேசினா மொத்தமும் போயிரும்ணு ஆஸ்பத்திரியில சொல்லியாச்சு. ஆருட்டயும் சொல்லப்பிடாதுண்ணு எங்கிட்ட சத்தியம் வாங்கினாங்க. தெரிஞ்சா வேலைக்கு லாயக்கில்லண்ணு எழுதிருவாங்கண்ணு பயம். நான் ஒரு ஓட்ட வாயி, இப்ப சொல்லிட்டேன்."

பக்கத்தில் நின்ற அஜிஷாவும் சொன்னாள். "டீச்சர் பறையமாட்டாங்க. கம்பு வச்சு சுவருல தட்டுவாங்க. நாங்கதான் பறையணும்."

அன்றைக்கு அலுவலகத்தில் நீங்கள் தலையாட்டியது, போன் நம்பர் தராதது, கம்பை அனுப்பச் சொன்னது என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. நாற்பத்தொரு சார்ட்டும் உங்கள் வாய் என்று தெரியாமல் வளையல் கடை என்று எழுதினேன். என்னை எப்படி மன்னிப்பீர்கள் என்று தெரியவில்லை. மன்னியுங்கள் என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

பகவதி

•

புதுக்கடை
05.09.2024

ஜினிஷா டீச்சர்,

ஆறு நாளாகத் தபால்காரர் பின்னாலேயே ஓடுகிறேன். உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. இன்று ஆசிரியர் தினம் என்று பிள்ளைகள் எனக்குச் செம்பருத்திப் பூ கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ளவே கை கூசியது.

நேற்று அரை நாள் விடுப்பு எடுத்து அலுவலகத்துக்குப் போனேன். படம் அவருடையது, எழுத்தை மாற்றி ஒட்டியது நான், அவர் தடுத்து எழுதிய பிறகும் மாற்றாமல் விட்டது நான், பிள்ளைகளின் தவறுக்கு நானே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். உங்கள் ஜூலைக் கடிதத்தின் நகலையும் சேர்த்தேன். தொண்டையைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை, அது நீங்கள் சொல்ல வேண்டியது. எனக்கும் ஒரு குறிப்பாணை வரும். வரட்டும்.

ஆனால் 12ஆம் தேதி வருவதை நிறுத்த முடியாதாம். அதனால் இந்தப் பார்சல். பிரித்ததும் கோபத்தில் மூலையில் வைத்துவிடாதீர்கள்.

உங்கள் கம்பு இருக்கிறது. நெயில்பாலிஷ் உரிந்திருந்தது, புதிதாக அடித்தேன். அத்துடன் முப்பது சார்ட், நான் வரைந்தவை. உங்கள் கை இல்லை, பசு நாய் மாதிரி வந்திருக்கிறது. உங்கள் பழைய சார்ட்டுகளை வேண்டுமென்றேதான் அனுப்பவில்லை. அஞ்சுகிராமத்துப் பிள்ளை தம்ளரைப் பார்த்தால் 'தண்ணி' என்றுதான் சொல்லும், வெள்ளம் என்று சொல்லாது. அந்தப் பிள்ளைகள் எதை எப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், ஏழு வருடம் அவர்களோடு கத்தியிருக்கிறேன். அதனால் 'த – தண்ணி'. வகுப்பு ஜன்னலில் தெரிகிற காற்றாலையை அவர்கள் யாரும் காற்றாலை என்று சொல்லமாட்டார்கள். 'கா – காத்தாடி' என்றே எழுதியிருக்கிறேன். என் கையாலேயே எழுதினேன், டீச்சர். இப்போது நீங்கள் சிரிக்கலாம்.

சுவரில் ஆணி வேண்டாம். கிழக்கு ஜன்னலில் மூன்றாவது கம்பியும் மேற்கு ஜன்னலில் முதல் கம்பியும் அசையாது. மற்றதெல்லாம் ஆடும். மழைக்காலத்தில் பிள்ளைகளின் நனைந்த குடைகளை நான் அங்கேதான் கயிறு கட்டித் தொங்கவிடுவேன். கயிறும் துணிக் கிளிப்பும் பார்சலிலேயே இருக்கிறது. தரையில் உட்கார்ந்து உயரத்தைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே சக்கைக்கு மேல் ஒட்டிய வெள்ளைத்தாளை உரித்துப் பார்த்தேன். நல்ல பசை போட்டு ஒட்டியிருக்கிறேன் போல. தாளோடு சேர்ந்து உங்கள் படமும் பாதி கிழிந்து வந்துவிட்டது. கிழிந்த துண்டை எடுத்துவைத்திருக்கிறேன், ஒட்டப் பார்க்கிறேன்.

12ஆம் தேதி முழுக்க நான் இங்கே நிலைகொள்ளாமல் இருப்பேன்.

பகவதி

•

அஞ்சுகிராமம்
14.09.2024

பகவதி டீச்சருக்கு,

நாளை ஓணம். பக்கத்து வீட்டில் பூ பறித்துக்கொண்டிருக்கிறார்கள். இன்று உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

பார்சலை இரண்டு நாள் பிரிக்காமல்தான் வைத்திருந்தேன். பிரித்தால் உங்களை மன்னித்ததாகிவிடும் என்று ஒரு பிடிவாதம். மூன்றாம் நாள் ஸ்டெனி, "கம்பு மட்டும் எடு, மத்தத தொட வேண்டாம்" என்று நைசாகப் பேசிப் பிரிக்க வைத்துவிட்டார். பசுவைப் பார்த்ததும் நாய் என்றுதான் அவரும் சொன்னார்.

ஜன்னல் கம்பி நீங்கள் சொன்னபடியே அசையவில்லை. மத்தியாஸ் சார் கயிற்றைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், தன் அறைக்குப் போய்விட்டார்.

12ஆம் தேதி அலுவலர் வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் கம்பால் காத்தாடியைத் தட்டினேன். பிள்ளைகள் சொன்னார்கள். தண்ணியைத் தட்டினேன், சொன்னார்கள். இருபது நிமிடம் நான் வாயைத் திறக்கவே இல்லை. பதினெட்டுப் பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நீங்கள் பழக்கிவிட்ட பிள்ளைகளாச்சே, என்ன சத்தம்! கடைசியில் பலாப்பழத்தைத் தட்டினேன். நீங்கள் 'ப' என்று எழுதியிருந்தீர்கள். பதினேழு பேர் "பலா" என்றார்கள். ஒருத்தி மட்டும் "சக்கை" என்றாள். அவள் அம்மாவுக்கு ஊர் புதுக்கடைக்குப் பக்கத்தில் கருங்கல். அலுவலர் எழுந்து வந்து அந்தப் பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு, "அந்தக் கடிதத்துல நீங்க எழுதினது இப்பதான் எனக்குப் புரியுது டீச்சர்" என்றார்.

அப்போது அவரிடம் தொண்டையைப் பற்றிச் சொன்னேன். எனக்கு இருக்கிற குரலில் சொன்னேன், அவர் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. மூன்று வருடமாகப் பயந்து பயந்து ஒளித்தது இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, மருத்துவ விடுப்பு இருக்கிறதே என்றார். குறிப்பாணையை முடித்துவிடுவதாகச் சொன்னார். காலாண்டு விடுமுறையில் நாகர்கோவிலில் ஆபரேஷன். அதுவரைக்கும் முணுமுணுக்கவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

டீச்சர், நீங்கள் அன்று சொன்னது எனக்கு ரொம்ப வலித்தது. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தது எனக்குத் தெரியும், அது சாதாரண காரியமில்லை. ஆனாலும் கோபம் முழுசாகப் போகவில்லை. போனதும் எழுதுகிறேன். கிழிந்த சக்கையை ஒட்டிவைக்க வேண்டாம், அது ஒட்டாது. அஜிஷாவை வரையச் சொல்லுங்கள்.

ஒரு விஷயம் கேட்கத்தான் இந்தக் கடிதம். இங்கே பிள்ளைகள் கதவுப் பக்கமே பார்க்கிறார்கள். என்ன என்று சைகையில் கேட்டேன். "பழைய டீச்சர் சத்தம் கேக்கவே இல்ல" என்றார்கள். வாய்ப்பாடு உங்கள் ராகத்தில்தான் அவர்களுக்கு வருகிறது, கரும்பலகையில் எழுதினால் வரவில்லை.

வியாழக்கிழமை காலை இடைவேளைக்கு ஸ்டெனியின் போனைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிறேன். நம்பரைக் கவரின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கூப்பிடுங்கள். எடுத்து ஸ்பீக்கரில் போடுவேன். நான் ஹலோ சொல்லமாட்டேன். கம்பு தட்டுகிற சத்தம் கேட்டதும் நீங்கள் ஆரம்பியுங்கள்.

ஜினிஷா